பின்னால் கார் வரக் கூடாது

இரண்டு பெண்கள் ஒரு கடற்கரையில் கிளம்பி இன்னொரு கடற்கரைக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். நான் சொன்னேன். சொன்ன வாயில் என்னத்தைப் போடுவது என்று இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

முவைலாவில் எங்கள் கட்டடத்தில், எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டில் இருந்தாள் அவள். யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு ஃப்ரெய்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை. கணவர் சவூதியில் யான்பு என்ற ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே சுத்திகரிப்பு ஆலையில் வேலை. இவளுக்குக் குடும்ப விசா எடுத்துக்கொண்டிருந்தார். விசா வந்தால் இவள் போய்விடுவாள். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்று வரலாம், பெருநாள் கழித்தும் வரலாம்.

என்னை அவள் அக்கா என்பாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் கதவைத் தட்டுவாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நடந்து, பக்காலாவில் தயிர் வாங்கிக்கொண்டு திரும்புவோம். மளிகைக் கடையைப் பக்காலா என்று சொல்லிச் சொல்லி ஊருக்குப் போனாலும் அதுவே வாயில் வருகிறது. நடை என்றால் எங்களுக்கு அதுதான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அவள் எதற்காக நடந்தாள் என்று ரொம்ப நாள் நான் கேட்டதில்லை.

ஒரு நாள் லண்டனில் இருக்கும் அவளுடைய மச்சாள் படம் அனுப்பியிருந்தாள். அங்கே மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரைக்கும் ஆட்கள் நடக்கிறார்களாம். மரமே இல்லாத மேட்டு நிலம், கண்ணுக்கு எட்டின மட்டும் ஊதாப் புதர், சேறு, மழை. முதுகில் பையோடு வயதான வெள்ளைக்காரிகள் முழங்கால் வரை சேறாகிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான், “இதுகளுக்கு வேற வேலை இல்லையா?” என்றேன். அவள் போனைத் திருப்பி வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவை ஏன் நடக்கினம் எண்டு விளங்குதோ அக்கா? சும்மா. ஒருத்தரும் துரத்தேல்லை, சும்மா நடக்கினம்.”

அப்புறம்தான் சொன்னாள். பதின்மூன்று வயதில் அவள் நடந்திருக்கிறாள். ஒரே நாளில் யாழ்ப்பாணம் முழுக்க வெளியேறிய அந்த நடை. மழை. ஒரே ஒரு ரோடு, அதில் அத்தனை சனமும். தலையணை உறையில் உடுப்பைக் கட்டி இவள் தலையில் வைத்திருந்தார்கள். ஒரு கையில் தம்பி. பின்னால் ஷெல் விழும் சத்தம். அதற்குப் பிறகு அவள் நீளமாக எங்கேயும் நடந்ததே இல்லையாம். தெருக்கோடி தாண்டினாலே நெஞ்சு அடைக்குமாம். சாயங்காலம் என்னோடு நடக்க வந்ததே அதை உடைத்துப் பார்க்கத்தான்.

“யான்புக்குப் போறதுக்கு முன்னம் ஒருக்கா நடக்கோணும் அக்கா. தூரமா. கையில ஒண்டும் இல்லாமல், பின்னுக்கு ஒண்டும் வராமல். நானா நடக்கோணும்.”

எனக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் காயல்பட்டினத்துக்காரி. எங்கள் ஊரில் பெண்கள் போக முடுக்கு என்று வீடுகளுக்கு இடையில் தனிச் சந்து உண்டு. பெரிய தெரு ஆண்களுக்கு. கல்யாணமாகி இங்கே வந்தேன், இங்கே கார். வீட்டிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து கார், காரிலிருந்து மால். இத்தனை வருஷத்தில் வானத்துக்குக் கீழே நேராக ஒரு மணி நேரம் நடந்த ஞாபகம் எனக்குக் கிடையாது. ஷார்ஜாவுக்கு ஒரு கடல், புஜைராவுக்கு இன்னொரு கடல். நடுவில் மணலும் மலையும். வெள்ளைக்காரிகளுக்குச் சேறு என்றால் நமக்கு மணல். நடப்போம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன அந்த நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் மேப் என்னைப் படுத்தியது. காரில் போகவா என்று கேட்டால் வழி காட்டுகிறது. நடந்து போக என்றால் ஹைவே நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது, இல்லையென்றால் ஒட்டகப் பண்ணைக்குள் விடுகிறது. நடுவழியில் இருக்கும் தைத் ஊருக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் ஒட்டகம் ஏறாமல் இருக்கக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தால் மணலில் கால் புதையும். இந்தப் பக்கம் நடந்தால் லாரிக்காரன் ஹாரன் காதைக் கிழிக்கும். கழிப்பறைக்கு எங்கே போவது, லுஹர் தொழுகைக்கு எங்கே ஒதுங்குவது? யோசித்து யோசித்துக் கடைசியில் பெட்ரோல் பம்புகளைப் பிடித்தேன். இங்கே ரோட்டோரப் பெரிய பம்புகளில் ஒரு பள்ளிவாசல் இருக்கும், பெண்களுக்குத் தனி அறை இருக்கும், தண்ணீர் இருக்கும். பம்பிலிருந்து பம்புக்கு நடை என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளில் புஜைரா. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. இத்தனைக்கும் என் கணவரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பழகிப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் தைத் ரோட்டில் இறங்கினோம். அன்றைக்குத் தெரிந்தது, இந்த நாட்டில் நடக்க முடியாது என்று. யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள், அதுதான் வினை. ரோட்டில் ஒரு பெண் நடந்தால் அவள் கார் கெட்டுப்போயிருக்க வேண்டும், இல்லை வீட்டில் சண்டை போட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். வேறு காரணமே இங்கே யாருக்கும் தோன்றாது. ஒரு பட்டான் பிக்கப்பை ஓரம் கட்டினார். “பாஜி, காடி கராப்?” என்றார், வண்டி ரிப்பேரா என்று. இல்லை பாய், சும்மா நடக்கிறோம் என்றேன் எனக்குத் தெரிந்த ஹிந்தியில். அவர் நம்பவில்லை. இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுத்தான் போனார். அடுத்து ஒரு பஸ் டிரைவர். அதற்கடுத்து ஒரு அரபுக் குடும்பம், பெரிய வண்டி. அந்த அம்மா கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். நான் “மாஃபி முஷ்கிலா” என்று பத்துத் தடவை சொன்னேன். பிரச்சினை ஒன்றுமில்லை என்று அவர் மொழியிலேயே சொன்னாலும் அவர் கேட்பதாக இல்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்துவிட்டார். தாய் வயசு. கையை உதறவா முடியும்? “யல்லா, யல்லா” என்று எங்களை ஏற்றிப் பேரீச்சம்பழமும் கஹ்வா காப்பியும் கொடுத்து முவைலாவில் எங்கள் கட்டட வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். பழகிப் பார்க்கப் போன நடை அத்தோடு முடிந்தது. லிஃப்டில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பேரீச்சம்பழத்தைக் கூடத் திங்கவில்லை.

அடுத்தது ராத்தங்கல். டென்ட் என்று நான் சொன்னதும் என் கணவர் டீயைக் கீழே வைத்தார். அவர் கோபக்காரர் இல்லை. உதிரிபாகக் கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பண்ணுகிறவர், பொறுமைசாலி. ஆனால் பாலைவனத்தில் இரண்டு பெண்கள் டென்ட் போட்டுப் படுப்பது அவருடைய பொறுமைக்கும் அந்தப் பக்கம் இருந்தது. சரி, டென்ட் வேண்டாம். தைத்தில் என் சாச்சா, அதாவது சித்தப்பா மகன் இருக்கிறார். வயதில் மூத்தவர், நான் காக்கா என்று கூப்பிடுவேன். பெஞ்சாதி பிள்ளைகளோடு இருக்கிறார். ஒரு ராத்திரி அவர் வீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டால் ஆயிற்று. இந்த நினைப்பில்தான் போனை எடுத்தேன். நான் செய்ததிலேயே பெரிய பிழை அதுதான்.

“காக்கா, நாங்க ரெண்டு பேரு நடந்து வாறோம். ஒரு ராத்திரி தங்கிட்டு சுபுஹு தொழுதிட்டுப் போயிருவோம். ஒண்ணும் செய்ய வேணாம்.”

“ஒண்ணும் செய்ய வேணாமா? எத்தனை வருஷம் கழிச்சு நீ எங்க ஊட்டுக்கு வாறா? களறிக் கறி ஆக்காம வுட்ருவேனா? மத்தியானமே வந்துரு.”

“மத்தியானம் எப்புடி காக்கா? நடந்துல்ல வாறேன்.”

“நடந்து ஏன் வாறா? நான் கார் அனுப்புறேன்.”

எங்கள் ஆட்களில் முறை என்று ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் இருக்கிற ஊரை அவர் வீட்டில் கை நனைக்காமல் தாண்டக் கூடாது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டை விட்டால் அது அதைவிடப் பெரிய குற்றம். பிறந்த வீட்டுச் சொந்தம் தைத்தில் சாப்பாடு போடப்போகிறது என்ற செய்தி, அதையும் தாண்டி மலைப் பக்கம் மசாஃபியில் இருக்கும் என் கணவரின் அக்காவுக்கு எப்படிப் போனதோ தெரியாது. மறுநாள் காலை போன் வந்துவிட்டது. அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுக்காரர் அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார்.

“உங்க ஆளுக ஊட்ல தங்குவிய. எங்க ஊட்டு வாசல்ல நடந்து போவிய. ஆனா உள்ள வர மாட்டிய. அப்புடித்தானே?”

“மைனி, தைத்ல இருந்து மசாஃபிக்கு வர இன்னும் ரெண்டு நாள் நடக்கணும். நான் சொல்லத்தான் இருந்தேன்.”

“எல்லாத்தையும் சொல்லித்தான் செய்யணுமா? நான் ஆட்டுக்காலு வாங்கியாச்சு.”

மலையை ஏறி இறங்கப்போகிறவளுக்கு ஆட்டுக்கால் பாயா, வட்டிலாப்பம். தைத்தில் எங்கள் ஊர்க் கல்யாண விருந்துக் களறிக் கறி. நடுவில் ஒரு பம்புக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, பிரியாணி அனுப்புவதாகச் சொல்லியனுப்பினார். பொழுதுபோகாமல் சாப்பிட்டுக்கொண்டே போக நாங்கள் என்ன மாப்பிள்ளை வீட்டாரா? என் தோழி பாவம், சைவக்காரி. வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டாள். அதைச் சொன்னேன். உடனே மைனி அவளுக்காகத் தனியாகக் கத்திரிக்காய் செய்வதாகச் சொல்லி, எங்கள் ஊர் முறையில் தேங்காய்ப்பாலும் புளியும் விட்டு எப்படிச் செய்வார் என்று அரை மணி நேரம் விளக்கினார். அன்பை எப்படித் திட்டுவது? திட்ட முடியாத கோபம் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே என் கணவர். விருந்து சேரச் சேர அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கடையிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்தார். மடக்கு நாற்காலி இரண்டு. முதலுதவிப் பெட்டி. ரைஸ் குக்கர் ஒன்று, எதற்கு என்று அவருக்கே தெரியாது. “நான் லீவு போட்டு காரை மெதுவா ஓட்டிட்டு உங்க பின்னாடியே வாறேன். கால் வலிச்சா ஏறிக்கிருங்க. சாமானெல்லாம் என்கிட்ட இருக்கட்டும்” என்றார். வீட்டுக் கூடத்தில் சாமான் மலையாகக் குவிந்துகொண்டு வந்தது.

அவள் வந்து அந்தக் குவியலைப் பார்த்தாள். நாற்காலியை விரித்து ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, “நல்லாயிருக்கு அண்ணை” என்றாள். அவள் போன பிறகு நான் கணவரிடம், பின்னால் எதுவும் வரக் கூடாது என்பதுதான் அவள் கேட்டது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு அவள் விரித்த நாற்காலியை மடக்கி வைத்தார். பிறகு, “அது அப்போ. இது நம்ம கார்தானே?” என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

நோன்புக்கு முன்னால் நடந்துவிட வேண்டும் என்று ஒரு வாரத்தைக் குறித்தோம். அந்த வாரம் தன் வீட்டுக்கு மருமகன் வீட்டார் வருகிறார்கள், தள்ளிப் போடுங்கள் என்றார் மைனி. தள்ளிப் போட்டோம். அடுத்த வாரம் மழை. இங்கே மழை என்றால் மலையோடைகளில் வெள்ளம், ரோட்டை அடைத்துவிடுவார்கள். அது யார் குற்றமும் இல்லை. ஆனால் முதல் வாரம் வெயில் இதமாக, வானம் சுத்தமாக இருந்ததே, அந்த வாரம் நாங்கள் மருமகன் வீட்டாருக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தோமே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழை விட்ட மறுநாள் அவளுக்கு விசா வந்தது. அவள் கணவர் டிக்கெட்டும் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை விமானம். கதவைத் தட்டிச் சொன்னபோது அவள் முகத்தில் சந்தோஷமும் இருந்தது. இருக்கத்தானே செய்யும், புருஷனிடம் போகிறாள். நான்தான் கத்தினேன். மைனியை, காக்காவை, ஆட்டுக்காலை, ரைஸ் குக்கரை, வரிசையாக எல்லாவற்றையும் திட்டினேன். அவள் என் சமையலறையில் நின்று எனக்கு டீ போட்டாள்.

“கோவியாதேங்கோ அக்கா. முழுக்க நடக்க ஏலாது, பரவாயில்லை. கடைசித் துண்டையெண்டாலும் நடப்பம். மலையில இருந்து கடல் மட்டும். ஒரு நாள் காணும்.”

வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தோம். மலைக்கு நடுவில் பித்னா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இறங்கினால் புஜைரா கடல் ஒரு நாள் நடையில் இருக்கிறது. தைத்துக்குச் சொல்லவில்லை. மசாஃபிக்குச் சொல்லவில்லை. மைனி வீட்டைத் தாண்டித்தான் பித்னாவுக்குப் போக வேண்டும். விடிவதற்குள் மசாஃபியைக் கடக்கும்போது காருக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தேன், திருட்டுப் பிள்ளை மாதிரி. கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இறக்கிவிட்டுவிட்டு நேராகப் புஜைரா போய்க் கடற்கரையில் இருக்க வேண்டும். பின்னால் வரக் கூடாது. என் தோள்பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட், போன், அவ்வளவுதான் எங்களோடு வரும். அவர் தலையாட்டினார்.

பித்னாவில் இறங்கி நடந்தோம். மழைக்குப் பிறகு மலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ரோட்டுக்குக் கீழே ஓடையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் வேகமாக நடந்தாள். கைகளை வீசி நடந்தாள். நான் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தேன். கொஞ்ச தூரத்தில் அவள் நடை மாறியது. தோள் இரண்டும் காதுக்கு ஏறின. திரும்பிப் பார்க்காமலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, பின்னுக்கு ஏதோ வருகுது.”

எங்கள் கார். மஞ்சள் விளக்குகளை மினுக்கிக்கொண்டு, ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டு. எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ, காருக்கு ஓடினேன். கண்ணாடியைத் தட்டினேன்.

“சத்தியம் பண்ணீங்களா இல்லையா?”

“இல்ல, லாரியெல்லாம் வருது. ஏதாச்சும் ஆயிட்டா...”

“ஆனா ஆவட்டும்! அங்க பாருங்க, அவ நிக்கிறதைப் பாருங்க. அந்தப் புள்ள முப்பது வருஷமா இப்புடித்தான் நிக்கிது. நீங்க நல்லதுதான் செய்யுறிய, எனக்குத் தெரியுது. இன்னைக்கு மட்டும் அந்த நல்லதைச் செய்யாதிய. போங்க!”

ரோட்டில் நின்று கணவரிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அவர் அவளைப் பார்த்தார். தலையைக் குனிந்து கைகளை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். விளக்கை அணைத்தார். எங்களைக் கடக்கும்போது அவளைப் பார்க்காமல், ஹாரன் அடிக்காமல், வேகமாகப் போய்விட்டார். கார் வளைவில் மறைகிறவரை அவள் அசையவில்லை.

அதன் பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. ரோட்டை விட்டு ஓடைத் தடத்துக்கு இறங்கிவிட்டோம், அங்கே யாரும் காரை நிறுத்திக் கேட்க முடியாது. கூழாங்கல்லில் கணுக்கால் திரும்பியது. இரண்டு ஆடுகள் எங்களை முறைத்தன. ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். அவள் ஆபீஸ் மேனேஜர் எப்படி மூக்கால் பேசுவார் என்று பேசிக் காட்டினாள். நான் ஓரமாக லுஹர் தொழுதேன், அவள் போனில் திசை பார்த்துச் சொன்னாள். தண்ணீர் தீர்ந்தது. கால் பெருவிரலில் எனக்குக் கொப்புளம். வெயில் சாயும்போது மலை விலகி, பெரிய வெள்ளைப் பள்ளிவாசல் தெரிந்தது. புஜைரா ஊருக்குள் நுழைந்தோம். டீக்கடை, சலூன், டயர் கடை, சிக்னல். பிறகு காற்றில் உப்பு.

கடற்கரைச் சாலையின் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். சாலையைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். அலை தெரிகிறது. நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரிகின்றன. எதிர்ப்பக்கம் எங்கள் கார் நிற்கிறது, அதில் சாய்ந்துகொண்டு என் கணவர். நடப்பவர்களுக்கான விளக்குப் பச்சைக்கு மாறியது. நான் காலை எடுத்து வைத்தேன். அவள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

“என்னம்மா ஆச்சு? கால் வலியா?”

“வலி இல்லை. நான் இதிலை இருக்கப் போறன்.”

“எந்திரி. இந்தா, ரோட்டைத் தாண்டினா கடல்!”

“தெரியுது அக்கா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை மாதம். மேப், வேலி, பம்பு, விருந்து, மழை, சண்டை. ஐந்து நாள் நடை ஒரு நாளாகச் சுருங்கி, அதுவும் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நிற்கிறது. இவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து காலுறையை மடிக்கிறாள். “இன்னும் கொஞ்சத் தூரம்தான் புள்ள, எந்திரி” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“அண்டைக்கும் இதைத்தான் சொன்னவை அக்கா. இன்னும் கொஞ்சத் தூரம், இன்னும் கொஞ்சத் தூரம். கால் வெடிச்சு ரத்தம் வந்தது. கொஞ்சம் இருப்பமே எண்டு அம்மாவைக் கேட்டன். ஏலாது. நிண்டால் பின்னால வாற சனம் தள்ளும், மிதிக்கும். அம்மா என்னை இழுத்துக்கொண்டே போனவ.” ஷூ இரண்டையும் பக்கத்தில் சேர்த்து வைத்தாள். “எனக்கு நடக்கத்தான் ஆசை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இல்லை. நினைச்ச இடத்திலை நிக்கோணும். அதுதான்.”

விளக்கு சிவப்பாகி மறுபடி பச்சையாகியது. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். ஒருவரும் எங்களைத் தள்ளவில்லை. என் போன் அடித்தது.

“என்ன ஆச்சு? ஏன் அங்கேயே நிக்கிறிய? நான் காரைத் திருப்பிட்டு வரவா?”

“வராதீங்க.”

“எப்ப வருவிய?”

“தெரியாது. அவ எந்திரிக்கும்போது.”

போனைப் பையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.